விசிலுக்கு வராத நாய்

நவம்பர் 12, புதன்

காலை நடை முடிந்தது. மேஜருக்கு ஒரு முட்டை, எனக்கு ஒரு முட்டை. அடுப்பைத் துடைத்தேன், சிங்க்கைத் தேய்த்தேன். பரிமளம் இருந்தவரை இந்த அடுப்பு இப்படிப் பளபளத்ததே இல்லை. சும்மா சொல்லக்கூடாது.

டிபன் முடித்துப் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளே போன் பண்ணினாள். பொள்ளாச்சியில் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது. அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. "என்னங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன். ராசு விஷயமா..." என்று ஆரம்பித்தாள்.

ராசு என்றால் நாய். அதன் பெயர் மேஜர். குட்டியாக வாங்கி வந்த அன்றைக்கே நான் வைத்த பெயர். கால்நடை ஆஸ்பத்திரி அட்டையிலும் மேஜர் என்றுதான் இருக்கிறது. இவள் மட்டும் ராசு, ராசுக்குட்டி என்று கொஞ்சுவாள். கோம்பை ஜாதி வேட்டை நாயைக் கொஞ்சினால் உருப்படுமா?

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது! நாயைக் கூட்டிப்போக வருகிறாள். புருஷன் வேண்டாம், நாய் மட்டும் வேண்டும். நல்ல கதையாக இருக்கிறதே!

கொடுக்க மாட்டேன். இந்த வீட்டில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிற ஒரே உயிர் அதுதான். அதையும் கொடுத்துவிட்டு நான் என்ன சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா?

நவம்பர் 13, வியாழன்

மகுடீஸ்வரனுக்குப் போன் போட்டேன். நான் பி.டி. மாஸ்டராக இருந்த ஸ்கூலின் கபடி டீமில் ரைடராக இருந்தவன். இப்போது மன்னவனூர் பக்கம் பூண்டுக் காட்டு ஓரத்தில் டென்ட் போட்டு வாடகைக்கு விடுகிறான். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரு டென்ட் வேண்டும் என்றேன். "மஞ்சு எறங்கியிருக்கு சார், ஒண்ணுமே தெரியாது, அடுத்த வாரம் வாங்களேன்" என்றான். பனிதானே, இந்த வாரம்தான் வேண்டும் என்றேன்.

நாய்க்கு மலைக்காற்று நல்லது. எனக்கும் ஒரு டிரெக்கிங் போய் எத்தனையோ நாளாகிறது.

அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

வத்தலக்குண்டிலிருந்து என் ஆம்னி வேனில் கிளம்பினோம். பாதி மலை ஏறுவதற்குள் மேஜர் வாந்தி. வண்டியை ஓரங்கட்டி, கழுவி, துடைத்து, மறுபடி கிளம்பினேன். பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி. முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். கொடைக்கானலில் டீ குடித்தபோது கையில் இருந்த டம்ளர்கூட மங்கலாகத்தான் தெரிந்தது.

மகுடீஸ்வரன் ரோட்டுக்கே வந்து காத்திருந்தான். தொப்பை போட்டுவிட்டான். கபடிக்காரன் உடம்பா இது என்று திட்டினேன். "எல்லாம் செண்பகம் கைப்பக்குவம் சார்" என்று பொண்டாட்டியைக் காட்டினான்.

நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம். "அக்கா வரலையா சார்?" என்றாள். அவளுக்குக் குளிர் ஆகாது என்றேன்.

"சார், நாயைக் கட்டியே வச்சிருங்க. போன மாசம் எங்க நாயைச் சிறுத்தை தூக்கிருச்சு" என்றான் மகுடீஸ்வரன்.

"உன் நாய் தெரு நாய்டா. இது டிரெய்னிங் எடுத்தது." உடனே செய்து காட்டினேன். சிட் என்றால் உட்கார்ந்தது. ஸ்டே என்றால் அசையவில்லை. ஷேக்ஹாண்ட் என்றதும் காலைக் கொடுத்தது. செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏன் சார், நாய்கிட்ட மட்டும் எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுறீங்க? தமிழ்ல சொன்னா கேக்காதா?"

"கேக்கும். ஆனா மதிக்காது" என்றேன்.

டென்ட் ஈரம். பாயும் ஈரம். கம்பளி நாற்றமடிக்கிறது. மேஜர் என் காலடியில் சுருண்டிருக்கிறது. குளிருக்கு அது நல்ல சூடு. இதைக் கேட்டுத்தான் ஒருத்தி வருகிறாளாம்.

பரிமளம் எந்தச் சண்டையும் போட்டுக்கொண்டு போகவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாரும் என்னைக் குற்றம் சொல்லக்கூடாது. நான் மே மாதம் ரிடையர் ஆனேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒரு ஒழுங்கே வந்தது. காலை ஐந்துக்கு விசில். ஐந்தரைக்குள் கோலம், ஆறுக்கு நடை. எது எப்போது என்று ஃபிரிட்ஜ் மேல் டைம்டேபிள் ஒட்டினேன். மத்தியானத் தூக்கத்தை நிறுத்தினேன், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அரட்டையடிப்பதை நிறுத்தினேன். ஆகஸ்டில் ஒருநாள் விசிலுக்கு எழுந்தாள், குளித்தாள், காபி போட்டு மூடி வைத்தாள், பையை எடுத்துக்கொண்டு "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேங்க" என்றாள். எப்போ வருவே என்றதற்குத் தெரியலை என்றாள். இவ்வளவுதான் நடந்தது. பிள்ளைகுட்டி இருந்தாலாவது இழுத்துப் பிடித்திருக்கும், அதுவும் இல்லை.

நவம்பர் 15, சனி, காலை

நாயைக் காணவில்லை.

சனி, மத்தியானம்

காலையில் புல்மேட்டிலேயே பையிலிருந்து டைரியை எடுத்து அந்த ஒரு வரியைத்தான் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் கிளம்பினோம். பைன் காட்டைத் தாண்டிப் புல்மேடு, அதற்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. மகுடீஸ்வரன் கூட வருகிறேன் என்றான். எனக்கா வழிகாட்டி என்று அனுப்பிவிட்டேன். ஈரப் புல்லில் சறுக்கிச் சறுக்கி ஏறினோம். புல்மேட்டுக்கு வந்ததும் பனி கொஞ்சம் விலகியது. மேஜர் கயிற்றை இழுத்து இழுத்துக் குதித்தது. பாவமாக இருந்தது, அவிழ்த்துவிட்டேன்.

அப்பப்பா, என்ன ஓட்டம்! மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, வட்டம் போட்டு, என் பக்கத்தில் வந்து மூச்சிரைத்துவிட்டு மறுபடி பாய்ச்சல். நானே கைதட்டினேன். வீட்டில் இது இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்தது. நின்ற இடத்தில் என் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. விசில் அடித்தேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. "வந்து நில்" என்று அதற்கு அர்த்தம். வந்தது. பத்தடி தூரத்தில் பனிக்குள் அதன் தலை தெரிந்தது. என்னைப் பார்த்தது, என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தது. நான் மறுபடி விசில் அடித்தேன். திரும்பிப் போய்விட்டது.

பனியில் சத்தம் சரியாகக் கேட்காது போலிருக்கிறது. அதனால்தான்.

உச்சிவெயில் நேரம் வரைக்கும் அடித்தேன். வெயில் எங்கே இருந்தது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு தடவை இடது பக்கம் குரைத்தது. அந்தப் பக்கம் போய் அடித்தேன், குரைப்பு இன்னும் தள்ளிப் போனது. இன்னும் பலமாக அடித்தேன். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

சனி, சாயங்காலம்

மகுடீஸ்வரனும் செண்பகமும் ஆளுக்கொரு பக்கம் தேடிவிட்டு வந்தார்கள். ஓடைப் பக்கம் காட்டுமாடுகள் நிற்கின்றனவாம், அதற்குமேல் போக முடியவில்லை என்றார்கள். செண்பகம் ரசம் சாதம் கொண்டுவந்து வைத்தாள். இறங்கவில்லை.

"சார், அக்காவுக்கு ஒரு போன் பண்ணிப் பாக்கலாம்ல?" என்றான் மகுடீஸ்வரன். "அவங்க குரல் கேட்டா வரும்ல?"

"அவளுக்கு என்ன தெரியும்! நாய்க்கு டிரெய்னிங் கொடுத்தது நான்."

ஸ்கூலில் நான் திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்பானே, அப்படியே நின்றான்.

இருட்டிக்கொண்டு வருகிறது. சிறுத்தை என்று அவன் சொன்னது காதிலேயே நிற்கிறது. தண்ணித் தொட்டி மேட்டில் ஏறினால் டவர் கிடைக்குமாம். ஏறப் போகிறேன்.

இறங்கி வந்துவிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "நாய் தொலஞ்சுபோச்சு" என்றேன். எங்கே, எப்படி என்று கேட்டாள். மன்னவனூர் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று அலோ அலோ என்று கத்தினேன்.

"கத்தாதீங்க, இருக்கேன்" என்றாள். "விசில் அடிச்சீங்களா?"

"காலையிலேர்ந்து அடிக்கிறேன். வாய் புண்ணாப்போச்சு."

"ஐயோ, அடிக்காதீங்க. நீங்க விசில் அடிச்சா கட்டிப்போடத்தானே? வெளையாட விட்டுட்டு விசில் அடிப்பீங்க, வந்ததும் சங்கிலியை மாட்டுவீங்க. குளிப்பாட்டணும்னா விசில், ஊசி போடணும்னா விசில். அதைக் கேட்டு எவன் வருவான்? நீங்க அடிக்க அடிக்க அவன் தள்ளித்தான் போவான்."

எனக்குக் கோபம் வந்தது. காலையிலேயே வர்றேன், அதுவரைக்கும் சும்மா இருங்க, அது போதும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சும்மா இருக்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

முழுவதும் எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். எடுக்கவும் முடியாது, ரோடு தெரியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து பழனி, பழனியிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து மன்னவனூர். மூன்று பஸ் மாறி, தனியாக, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில் எங்கே போனாலும் சீட்டுப் பிடித்துக் கொடுத்தது நான்தான். தனியாக வரமாட்டாள் என்று உள்ளூர நினைத்திருந்தேன். கொஞ்சம் இளைத்திருந்தாள். இளைத்ததும் நன்றாகத்தான் இருந்தாள். என்னிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் செண்பகத்திடம் போனாள்.

"அடுப்பு வெளியில பத்த வைக்கலாமாம்மா? காத்து எந்தப் பக்கம் போகுது?"

கல் கூட்டி, விறகு மூட்டி, தணல் வந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். கருவாடு. நெத்திலி இல்லை, நல்ல நீளமான வாளைக் கருவாடு. தணலில் போட்டதும் புகையும் நாற்றமும் கிளம்பின பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன். என் வீட்டுக்குள் கருவாடு நுழைந்ததில்லை. மனுஷன் தின்கிற பொருளா அது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றுவிட்டாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ராசுவுக்கு உசிரு."

"அவனுக்கு ஏது கருவாடு? முட்டையும் சோறும்தானே போடுறோம்?"

தணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "நீங்க ஸ்கூலுக்குப் போனதும் பின்னாடிக் கொல்லையில சுடுவேன். ஆளுக்குப் பாதி. அவன் முள்ளைக்கூட விடமாட்டான். அப்புறம் ரெண்டு பேரும் வேப்பமரத்தடியில படுத்துக் கெடப்போம். ரேடியோவைப் போட்டு விடுவேன். நீங்க வர்ற நேரத்துக்கு ஊதுபத்தி ஏத்தி, அவன் வாயைக் கழுவி விட்டுருவேன்."

செண்பகம் கலகலவென்று சிரித்தாள். "அட, சூப்பர்க்கா!"

"எத்தனை வருஷமா?" என்று கேட்டேன்.

"அவன் வந்ததுலேர்ந்து. நீங்க ரிடையர் ஆகற வரைக்கும்."

நான் இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும். நான் போனதும் ஆரம்பித்து, நான் வருவதற்குள் முடித்துக்கொண்டு.

புகை பனியோடு கலந்து பைன் காட்டுப் பக்கமாகவே போனது. பரிமளம் கூப்பிடவே இல்லை. செண்பகத்தோடு வெள்ளைப்பூண்டைப் பற்றி, குளிரில் வருகிற மூட்டு வலியைப் பற்றி சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். பேசின பேச்சிலேயே நடுநடுவே "ஆமாடா ராசு", "அப்படித்தானேடா" என்று சேர்த்துக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து நின்று ஒரு சத்தம் போடலாமா என்று பார்த்தேன்.

அப்போதுதான் மகுடீஸ்வரன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் சேறு, ஒரு காது கிழிந்திருந்தது. பரிமளத்தைப் பார்த்து வால் ஆடியது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போய் நில்லுங்களேன்" என்றாள் பரிமளம். திரும்பக்கூட இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆம்னிக்குப் பின்னால் போய் நின்றேன். நான் வாங்கி, நான் வளர்த்து, நான் பழக்கிய நாயை, வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். அது வேலியை நுழைந்து வந்தது, அவள் மடியில் முகத்தைப் புதைத்தது, ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. அவள் அழுதாள். "எங்கடா போனே, எங்கடா போனே என் தங்கமே" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அழுகை நாய் கிடைத்ததற்கு இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அவள் அப்படி அழுததே இல்லை. நானும்தான் ஒரு ராத்திரிகூடக் காணாமல் போனதில்லையே என்று என்னென்னவோ கிறுக்குத்தனமாக ஓடியது.

காதுக்கு மஞ்சள் வைத்தாள். கருவாட்டில் முக்கால்வாசி அதற்கு, கால்வாசி அவளுக்கு. செண்பகம் டீ கொடுத்தாள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நாய் எழுந்து அவளுக்கு அந்தப் பக்கமாகப் போய்ப் படுத்தது.

"சரி, கூட்டிட்டுப் போ" என்றேன். "அதுக்குத்தானே இன்னைக்கு வீட்டுக்கு வர்றதா இருந்தே."

என்னையே பார்த்தாள். "நான் எதுக்கு வர்றேன்னு சொன்னேன்?"

"ராசு விஷயமான்னு சொன்னியே."

"சொல்லி முடிக்க விட்டீங்களா? அக்கா இருக்கறது மாடிப் போர்ஷன். ஹவுஸ் ஓனர் கிளிகூட வளக்கக் கூடாதுங்கிறார். அங்க இவனை எங்க வைக்க? இவன் இல்லாம எனக்கு இருக்க முடியல. சோறு எறங்கல. அதான், ராசு விஷயமா யோசிச்சேன், நானே வீட்டுக்கு வந்துடறேங்கன்னு சொல்ல வந்தேன். புதன்கிழமையே துணியெல்லாம் மடிச்சுப் பைல வச்சுட்டேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. சிரிப்பும் வந்தது. "அட லூசே, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எந்திரி, எந்திரி. வண்டி நிக்குது, போகலாம். உன் பை அங்கயே கிடக்கட்டும், அப்புறமா எடுத்துக்கலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"நேத்து நீங்க போன் பண்ற வரைக்கும் வர்றதாத்தான் இருந்தேங்க" என்றாள். "நான் வர்றேன்னு சொன்னதும் வாயில்லாத ஜீவனை இழுத்துக்கிட்டு இந்தக் காட்டுக்கு ஓடி வந்திருக்கீங்க. நான் மூணு பஸ் மாறி வர்ற வழியெல்லாம் அதையேதான் நெனச்சேன். பூட்டின வாசல்ல என்னை நிக்க வைக்கணும்னு தோணிருக்குல்ல உங்களுக்கு? அந்த வீட்டுக்கு நான் எப்படி வர்றது?"

"கோவத்துல செஞ்சதுடி."

"தெரியும். நீங்க எல்லாமே கோவத்துலதான் செய்யறீங்க."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. பழைய கணக்கு ஒன்றையும் எடுக்கவில்லை. கையைக் கழுவினாள், துண்டைத் தலையில் சுற்றினாள், செண்பகத்திடம் சொல்லிக்கொண்டாள். நாயின் கழுத்தில் கயிற்றை அவளே மாட்டினாள். அவள் மாட்டினால் பேசாமல் நிற்கிறது. கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. நீங்களே வச்சுக்கங்க. இதுக்காகத்தானே இவ்வளவும்?"

"உனக்கு?"

"நாயை வச்சுக்க விடற வீடா ஒரு ரூம் பாக்கணும். கெடச்சதும் வந்து கேக்கறேன். கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம்."

வண்டியில் பொள்ளாச்சி வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நாய் என் பக்கத்தில் நிற்க, நான் அவள் பக்கத்தில் நிற்க, மூன்று பேரும் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். யாராவது பார்த்திருந்தால் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரு மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தியவன் நான். அந்த ஒரு வார்த்தைக்குக் குரல் வரவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது குனிந்து நாயின் தலையில் கை வைத்தாள். என்னிடம் "குளிருல நிக்காதீங்க, போங்க" என்றாள்.

பஸ் நகர்ந்ததும் நாய் பாய்ந்தது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. பனிக்குள் பஸ் மறைந்து நெடுநேரம் கழித்தும் இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவாகவே நிறுத்திவிட்டது. தூக்கித்தான் வண்டியில் போட்டேன்.

இப்போது பின் சீட்டில் படுத்திருக்கிறது. எந்த நாயைக் கொடுக்க மாட்டேன் என்று இவ்வளவு தூரம் ஓடி வந்தேனோ, அந்த நாய் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியவில்லை.